யளனக படித்த கையும் சிவகாசி எழுத்துருக்களும்

என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் சர்க்கரை, பிரஷர், பென்ஷன் அரியர்ஸ் என்றுதான் பேச்சு போகும். இப்போது அதோடு ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. "போன்ல தமிழ் எதுல அடிக்கிறீங்க?"

ஒருவர் மைக் படத்தைத் தொட்டுப் பேசிவிடுகிறார். இன்னொருவர் விரலால் திரையில் எழுதுகிறார். மூன்றாமவர் பேரப்பிள்ளை சொல்லிக்கொடுத்தபடி ஆங்கில எழுத்தில் அடித்தால் அது தமிழாக மாறுகிறது. நான் கணினியில் பழைய தட்டச்சு முறைதான். ஒவ்வொருவருக்கும் தன் வழிதான் சரி, மற்றவர் வழி சுற்றுவழி. இத்தனை வழி எப்படி வந்தது, அதில் நம் மாவட்டத்து அச்சுத் தொழில் என்ன பாடு பட்டது என்பதை ஒரு தடவை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

தமிழில் எழுத்துகள் 247. ஆங்கிலத் தட்டச்சு இயந்திரத்தில் விசைகள் 40-க்குச் சற்று மேலே. ஒரு விசைக்கு மேலே ஒன்று கீழே ஒன்று என்று வைத்தாலும் நம் எழுத்து அதற்குள் அடங்காது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன ஆர். முத்தையா என்பவர்தான் அதை அடக்கிக் காட்டினார். ஜெர்மனியில் இயந்திரங்கள் செய்வித்து வரவழைத்தார். அவர் செய்த வேலையில் எனக்குப் பிடித்தது நகரா விசை. சாதாரணமாக ஒரு விசையை அடித்தால் வண்டி ஓர் இடம் நகரும். புள்ளியை அடித்தால் நகராது. அந்த இடத்திலேயே அடுத்து மெய்யெழுத்தை அடித்தால் புள்ளி அதன் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாம் கையால் எழுதும்போது முதலில் எழுத்து, பிறகு புள்ளி. இயந்திரத்தில் முதலில் புள்ளி, பிறகு எழுத்து. ஒரு வாரம் கை திணறும், அப்புறம் மூளைக்கே அது பழகிவிடும்.

விருதுநகர் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மாடியில் இருந்த இன்ஸ்டிடியூட்டில்தான் நான் தமிழ் படித்தேன். எழுத்து தெரியாமலா என்று கேட்காதீர்கள், 'தமிழ் லோயர்' படித்தேன் என்று அர்த்தம். இடக்கை நான்கு விரலுக்கும் ய, ள, ன, க. வலக்கைக்குத் த, ம, ட, கடைசியில் புள்ளி. "யளனக, யளனக" என்று ஒரு மாதம் அடித்துத் தீர்த்தோம். கீழே பஜாரில் வற்றல் மூட்டை இறக்குவார்கள், மேலே நாங்கள் தும்மிக்கொண்டே யளனக. இன்றைக்கும் மிளகாய் நெடி பட்டால் என் இடக்கைச் சுண்டுவிரல் 'ய' தேடுகிறது என்று என் வீட்டில் கேலி செய்வார்கள்.

இந்த முறையில் ஒரு விஷயத்தைக் கவனித்து வையுங்கள், பின்னால் வேண்டும். தட்டச்சு இயந்திரம் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் எழுத்தை அடிக்கும். 'பெ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு ப. 'கொ' வேண்டுமென்றால் கொம்பு, க, கால். காகிதத்தில் இடமிருந்து வலமாக என்ன தெரிகிறதோ அதுதான் வரிசை. வாயால் சொல்லும்போது க-வுக்குப் பிறகுதான் ஒ வருகிறது. கண் ஒரு வழி, வாய் ஒரு வழி.

அச்சகங்களில் கதை வேறு. சிவகாசியில் அச்சுத் தொழில் புத்தகத்துக்காக வளர்ந்ததில்லை, தீப்பெட்டிக்காக வளர்ந்தது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம். தீப்பெட்டி வந்தது, பிறகு பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வந்தது. அப்புறம் காலண்டர், நோட்டு, டைரி. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது இன்றும் அங்கே வழக்கம். குட்டி ஜப்பான் என்ற பெயரை நேரு சூட்டியதாகச் சொல்வார்கள்.

ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டர் முன்னால் கேஸ் இருக்கும். தமிழ்க் கேஸ் என்றால் சின்னச் சின்ன அறைகள் நூற்றுக்கணக்கில். அடிக்கடி வரும் எழுத்து கைக்கு அருகில், 'ஞௌ' மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை வரும் எழுத்து மூலையில். பழைய கம்பாசிட்டர் ஒருவர் தன் கேஸை இன்னொருவர் தொட விடமாட்டார். இரண்டு அறைகளை மாற்றி வைத்துவிட்டால் அன்றைக்கு அச்சகத்தில் சண்டைதான். அவருக்கு அதுதான் கீபோர்டு. தன் கைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டதை இன்னொருவன் கலைத்தால் கோபம் வராதா?

அந்தக் கேஸிலும் ஒரு புயல் அடித்தது. பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் எழுத்தைச் சீர்திருத்தி அச்சிட ஆரம்பித்தார். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது 1978-இல் அரசு அதை ஏற்று ஆணை போட்டது. ணா, றா, னா ஆகியவற்றின் சுழித்த வடிவங்கள் போய்ச் சாதாரணக் கால் வந்தது. ணை, லை, ளை, னை என்பவற்றுக்கு முன்னால் தும்பிக்கை மாதிரி இருந்தது போய் மற்ற எழுத்துகளைப் போலவே ஐகாரக் குறி வந்தது. ணொ, ணோ வகையறாவையும் சேர்த்து மொத்தம் 13 எழுத்துகள். இளையவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. எங்களுக்குப் பல வருஷம் இரண்டும் கலந்துதான் வந்தது. எங்கள் ஊரில் ஒரே கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டார் பெயர் புது லையிலும் பெண் வீட்டார் பெயர் பழைய லையிலும் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். எழுத்து தீர்ந்துபோயிருக்கும், வேறு காரணம் இருக்காது.

இனி கணினிக் காலம். 1990-களில் சிவகாசியிலும் விருதுநகரிலும் தெருவுக்குத் தெரு டி.டி.பி. சென்டர்கள் வந்தன. அன்றைக்கு ஒரு பெரிய வசதியும் அதற்குள்ளேயே ஒரு பெரிய தொல்லையும் சேர்ந்தே வந்தன.

அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு என்பது ஒரு வேஷம். கணினிக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலம்தான் தெரியும். ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ்ப் படத்தை வரைந்து வைத்துவிடுவார்கள். பாமினி என்ற எழுத்துருவில் ஜே இருக்கும் இடத்தில் த, கே இருக்கும் இடத்தில் ம. 'தமிழ்' என்று அடித்தால் கணினி தன் வயிற்றுக்குள் எழுதி வைத்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. பாமினி உள்ள கணினியில் திறந்தால் தமிழ். இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஜே கே பி ஓ அப்படியே இளிக்கும்.

பாமினி பழைய தட்டச்சு வரிசையை ஒட்டியது என்பதால் என் மாதிரி யளனக ஆட்களுக்குக் கை உடனே பழகிவிட்டது. ஆனால் எழுத்துரு ஒன்றா இரண்டா? ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு வரிசை வைத்தது. எந்த விசையை அடித்தால் எந்த எழுத்து என்பதும் வேறு, உள்ளே எந்த எண்ணாகச் சேமிக்கிறது என்பதும் வேறு. ஒரு சென்டரில் அடித்த ஃபிளாப்பியை இன்னொரு சென்டருக்குக் கொண்டுபோனால் முதல் கேள்வி, "எந்த ஃபாண்ட் அண்ணாச்சி?" இரண்டாவது கேள்வி, "அந்த ஃபாண்டைக் கொண்டாந்தீங்களா?" இல்லையென்றால் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும்.

சிவகாசிக்காரர்கள் இதற்குத் தங்கள் பாணியில் ஒரு வழி கண்டார்கள். கோரல்டிராவில் வேலை முடிந்ததும் எழுத்தையெல்லாம் 'கர்வ்ஸ்' ஆக்கிவிடுவது. அதாவது எழுத்தைக் கோடாக, படமாக மாற்றிவிடுவது. பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் அப்படியே தெரியும். பிளேட் போட அது போதும். ஆனால் அது எழுத்தில்லை, எழுத்தின் நிழல். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, ஒரு பிழையைத் திருத்த முடியாது.

இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருந்த தமிழர்களுக்கும் இருந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முரசு அஞ்சல் செய்த முத்து நெடுமாறன் என்று ஆளுக்கொரு பக்கம் வழி தேடினார்கள். 1997-இல் சிங்கப்பூரில் ஒரு மாநாடு நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு. அப்போது கருணாநிதி முதலமைச்சர். அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் இந்த வேலைகளில் முன்னால் நின்றார். அந்த மாநாட்டின் பலன்தான் தமிழ்99 விசைப்பலகை. எழுத்துருக் குறியீட்டுக்கு டாம், டாப் என்று இரண்டு தரங்களும் வந்தன.

தமிழ்99-ஐ யார் கிண்டல் செய்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யோசித்துச் செய்த காரியம் அது. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி, ஆக 31 விசை. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ஷிஃப்ட் தொட வேண்டிய அவசியமே அநேகமாக இல்லை. க, ப, ம, த என்று அதிகம் வருபவை வலக்கை விரல் படுத்திருக்கும் வரிசையிலேயே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, இலக்கணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதுக்குத் தானாகப் புள்ளி விழும். ந-வுக்குப் பின் த, ங-வுக்குப் பின் க, ண-வுக்குப் பின் ட வந்தாலும் அப்படியே. தீப்பெட்டி என்று அடிக்க த, ஈ, ப, ப, எ, ட, ட, இ என்று எட்டே தட்டு. ஆங்கில எழுத்து வழியாகப் போனால் பத்து.

இவ்வளவு தெரிந்தும் நீ ஏன் யளனக என்று கேட்பீர்கள். ஆங்கிலத்திலும் இதே கதைதான். 1874-இல் ரெமிங்டன் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த ஷோல்ஸ் இயந்திரத்தின் எழுத்து வரிசைதான் சில்லறை மாற்றங்களோடு இன்றைக்கும் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. 1936-இல் டிவோராக் என்ற பேராசிரியர் வேறு ஒரு வரிசைக்குக் காப்புரிமை வாங்கினார். விரலுக்கு அது சுகம் என்றார். அறுபது கோடித் தடவை பழகிய விரல் கேட்குமா? என் விரலும் கேட்கவில்லை. மூன்று மாதம் தமிழ்99 பழகினேன். வேகம் வந்தது, ஆனால் யோசித்துக்கொண்டே அடித்தேன். யளனகவில் நான் யோசிப்பது வாக்கியத்தை மட்டும்தான். எனக்கு அது போதும்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது. எந்த விசையில் எந்த எழுத்து என்பது அவரவர் கையின் விஷயம். உள்ளே எந்த எண்ணாகச் சேமிப்பது என்பது ஊர்ப் பொது விஷயம். கேஸில் கம்பாசிட்டர் எப்படி அடுக்கினாலும் தாளில் விழுவது ஒரே எழுத்துதான். கணினி வந்தபோது இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள். வியாபாரிகளுக்கு அதில் ஆதாயமும் இருந்தது, ஒரு தடவை ஒரு மென்பொருளில் மாட்டினால் வாடிக்கையாளர் வெளியே போக முடியாதல்லவா?

அதைப் பிரித்து வைத்தது யூனிகோடு. 1991-இலேயே அதில் தமிழுக்கு இடம் ஒதுக்கினார்கள், ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரண மனிதன் கையில் அது வந்து சேர்ந்தது. எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் மாதிரி இலவச மென்பொருள்கள் வந்தன. அஞ்சல் முறை, தமிழ்99, பாமினி, பழைய தட்டச்சு, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். எதில் அடித்தாலும் உள்ளே சேமிப்பது ஒன்றுதான். நான் கொம்பை முதலில் அடிப்பேன், அது பொறுமையாகக் காத்திருந்து, ப வந்ததும் சரியான வரிசைக்கு மாற்றி எழுதிக்கொள்ளும். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது.

கைப்பேசிக்கு வருவோம், கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். என் போனில் நான் வாங்கிய அன்றே செய்வது சில காரியங்கள். விசைக்கு விசை வரும் 'டிக் டிக்' சத்தத்தையும் அதிர்வையும் நிறுத்துவேன். எழுத்தின் அளவை இரண்டு படி ஏற்றுவேன். சொல்லைத் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிடுவேன், ஆனால் மேலே சொற்களைக் காட்டும் வசதியை விட்டுவைப்பேன். இரண்டும் ஒன்றல்ல. காட்டுவது உதவி, திருத்துவது அதிகாரம். 'சாத்தூர்' என்று அடித்தால் அது வேறு எதையோ வைத்து அனுப்பிவிட்டு என்னிடம் கேட்காமலே இருப்பது எனக்குச் சம்மதமில்லை. அடிக்கடி எழுதும் ஊர்ப் பெயர்களையும் உறவினர் பெயர்களையும் சொந்த அகராதியில் சேர்த்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். கண் மங்கியவர்கள் பேசி அடியுங்கள், அதில் ஒன்றும் குறைவில்லை. எழுதி முடித்ததும் ஒரு தடவை படித்துவிட்டு அனுப்புங்கள், நம்மூர்ப் பேச்சை அது தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும்.

இப்போது அந்தப் பழைய தொல்லையின் வால் எங்கே மிச்சமிருக்கிறது என்று சொல்கிறேன். சிவகாசியில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தீப்பெட்டி ஆபீஸ்கள், கோயில் கொடை, பஞ்ச காலம், தெருப் பெயர்கள் என்று பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். 1996-இல் அதை ஒரு சென்டரில் கொடுத்து அடிக்க வைத்தார். 140 பக்கம். அச்சுக்குப் பணம் சேருவதற்குள் படுத்துவிட்டார். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்தச் சென்டரும் இன்றைக்கு இல்லை. கையெழுத்துப் பிரதி கரையானுக்குப் போயிற்று. போன வருஷம் அவர் மகன் கூப்பிட்டார்.

"மாமா, அப்பா எழுதுனது ஒரு சிடில இருக்கு. தொறந்தா ஒரே இங்கிலீஷ் எழுத்தா வருது. வைரஸ்ங்கிறாங்க. தூக்கிப் போட்டுரட்டுமா?"

"தம்பி, தொடாதீங்க. நான் வாரேன்" என்று சொல்லி மறுநாளே பஸ் ஏறினேன்.

பொங்குதமிழ் மாதிரி எழுத்துரு மாற்றிகளில் போட்டுப் பார்த்தேன். எதிலும் சேரவில்லை, ஏதோ ஒரு தனிக் கம்பெனியின் எழுத்துரு. நல்லவேளை, அவர் திருத்துவதற்காக எடுத்த 12 பக்கத் தாள் பிரதி பீரோவில் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் தேடியது 'சிவகாசி'. ச, கொக்கி, வ, க, கால், ச, கொக்கி. ஏழு குறி, முதல் இரண்டும் கடைசி இரண்டும் ஒன்று. பக்கத்துக்குப் பத்து இடத்தில் அது கிடைத்தது. அதிலிருந்து க, கால், கொக்கி எல்லாம் பிடிபட்டன. அந்த எழுத்துருவில் க், ங் என்று ஒவ்வொரு மெய்க்கும் தனி இடம், கு, கூ வகைக்கும் தனி இடம். ஒரு நோட்டில் அட்டவணை போட்டு முடிக்க இரண்டு வாரம் ஆனது. மாற்றும் வேலையைச் செய்த பேரன் முதல் தடவை கொம்பையெல்லாம் தப்பான எழுத்தில் ஒட்ட வைத்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பழைய எழுத்துரு கண் வழி, யூனிகோடு வாய் வழி என்பது யளனக படிக்காத பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கொம்பை ஓரிடம் பின்னால் தள்ளச் சொன்னேன். 'தீப்பெட்டி' சரியாக வந்தது.

அட்டவணையில் ஒரு குறி மட்டும் பல நாள் பிடிபடவில்லை. தாளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது தெரிந்தது, அது பழைய லை. தும்பிக்கை வைத்த லை. அரசாணை வந்து 18 வருஷம் கழித்தும் மனிதர் விடவில்லை, சென்டர்க்காரப் பையனிடம் சொல்லி அந்த எழுத்தையே போட வைத்திருக்கிறார். யூனிகோடில் பழைய லைக்கும் புது லைக்கும் எண் ஒன்றுதான், வடிவம் மட்டும் எழுத்துருவின் பொறுப்பு. பழைய வடிவம் காட்டும் எழுத்துருக்களும் இருக்கின்றன.

118 பக்கம் இப்படித் தமிழாகிவிட்டது. மீதி 22 பக்கத்தைப் பிளேட்டுக்காகக் கர்வ்ஸ் ஆக்கிவிட்டிருக்கிறார்கள். அவற்றை அச்செடுத்து, போனின் கேமராவில் காட்டி எழுத்தாக்கி, தப்பை நான் யளனகவில் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஏழு பக்கம் முடிந்திருக்கிறது. மகனுக்கு எல்லோரும் படிக்கிற எழுத்தில் ஒரு பிரதி. அவருடைய அம்மா கேட்டுக்கொண்டபடி, பழைய லை, பழைய னையோடு இன்னொரு பிரதி.